தட்டில் வைக்க முடியாத கார்டு

சீர் வேன் வந்து நின்ற இரண்டாவது நிமிடமே அம்சவல்லிக்கு உடம்பெல்லாம் எரிய ஆரம்பித்துவிட்டது.

மொத்தம் இருபத்தொரு தட்டு. முன்னால் தப்பட்டை அதிர, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த அவள் பிறந்த வீட்டுச் சனம் ஆளுக்கொரு தட்டை ஏந்தி, பாபநாசத்தில் அவள் கட்டிய புது வீட்டுக்குள் வரிசையாக நுழைந்தது. தேங்காய், வாழைப்பழம், கல்கண்டு, குத்துவிளக்கு, பட்டுப்புடவை. நடுவில் ஒரு தட்டில், அந்தத் தட்டைவிடப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று மாலை போட்டுக்கொண்டு வந்தது. பெட்டியின்மேல் நெருப்பைக் கக்கும் ஏதோ ஒரு மிருகத்தின் படம். மூன்று விசிறி. விசிறியைச் சுற்றி வானவில் வெளிச்சம். அம்சவல்லி இது எதையும் பார்க்கவில்லை. கீழ் மூலையில் கடுகு சைஸில் போட்டிருந்த எண்ணைத்தான் பார்த்தாள். எட்டு ஜிபி.

அவள் கேட்டிருந்தது இருபத்து நான்கு.

அம்சவல்லிக்கு முப்பத்தேழு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தஞ்சாவூரில் ஹாஸ்டலில் இருந்து படித்த காலத்தில் தொற்றிக்கொண்ட கம்ப்யூட்டர் கேம் பழக்கம் கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. அவள் அதை மறைத்ததும் இல்லை, பீற்றிக்கொண்டதும் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த மேஜையைப் பார்த்துவிட்டு, "சாருக்கா இது?" என்று கேட்பார்கள். சாருக்கு, அதாவது அவள் புருஷன் பகலவனுக்கு, பிரிண்டரில் பேப்பர் வைக்கக்கூடத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அரியர் பணம் வந்தபோது முப்பத்திரண்டு அங்குலத்தில் ஒரு 4கே மானிட்டர் வாங்கினாள். மாமியார் இன்றுவரை அதை டிவி என்று நினைத்துக்கொண்டு, சீரியல் வருமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மானிட்டர் வந்ததே தவிர அதற்குத் தீனி போடக் கம்ப்யூட்டரில் தெம்பில்லை. 4கே என்றால் திரையில் எண்பத்து மூன்று லட்சம் புள்ளி. கேம் ஓடும்போது அத்தனை புள்ளியையும் நொடிக்கு அறுபது தடவை புதிதாக வரைந்து தள்ள வேண்டும். வரைவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. அவளிடம் இருந்த பழைய கார்டு பத்து நொடி வரைந்துவிட்டு மூச்சு வாங்கியது. படத்தின் தரத்தைப் பாதியாகக் குறைத்து, மங்கலாகத்தான் விளையாட முடிந்தது. அதற்குள் வீடு கட்டும் வேலை ஆரம்பித்துவிட்டது. வீடு கட்டுகிற வீட்டில் மற்ற ஆசையெல்லாம் ஜல்லியோடு ஜல்லியாகப் போய்விடும். போனது.

அப்போதுதான் தம்பி நெடுமாறன் கேட்டான். "அக்கா, புதுமனைக்கு நான் சீர் செய்யணும். என்ன வேணும் உனக்கு?"

பிறந்த வீட்டுச் சீர் என்பது பெண்ணுக்குச் செய்வது என்றுதான் பேர். பெண்ணிடம் என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பீரோ, கட்டில், பிரிட்ஜ் என்று அவர்களாக முடிவு செய்து, அவர்களாகக் கொண்டுவந்து, சபையில் வைத்துவிட்டுப் போவார்கள். அவளிடம் முதன்முதலில் கேட்டவன் நெடுமாறன்தான். அந்தச் சந்தோஷத்தில் அவளும் வெட்கம் பார்க்காமல் சொல்லிவிட்டாள்.

அதன்பிறகு நாலு மாதம் அவள் தேடினாள். புதுக் கார்டுகளை ஒன்றுவிடாமல் பார்த்தாள். தம்பி கைக்கு எட்டுகிற விலையில் வருகிற புதுக் கார்டில் எல்லாம் இருந்தது, மெமரி மட்டும் இல்லை. வரையும் படத்தையெல்லாம் கார்டு வைத்துக்கொள்ளும் இடம் அது, ஜிபி கணக்கில் அளப்பது; 4கே திரைக்கு அதுதான் உயிர். கடைசியில் கூத்தாநல்லூரில் ஜபருல்லா என்பவரைக் கண்டுபிடித்தாள். கல்யாண வீடியோ எடிட் செய்பவர். தன் பழைய கார்டை விற்கப் போகிறார். மூன்று வருஷம் ஓடியது, ஆனால் வந்த காலத்தில் அதற்கு மேலே கார்டே கிடையாது. இருபத்து நான்கு ஜிபி. ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய், அவருடைய ஏசி அறையில் உட்கார்ந்து, முழு லோடில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தாள். விசிறிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாள். ஜபருல்லா சிரித்துவிட்டார். "பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இவ்வளவு பார்க்க மாட்டாங்கம்மா," என்றார். மனசுக்குத் திருப்தியானது. நெடுமாறன் அட்வான்ஸ் அனுப்பினான். விசேஷத்துக்கு முந்தின வாரம் அவனே போய் எடுத்துக்கொள்வது என்று பேச்சு.

இப்போது அவன் எடுத்து வந்தது இது.

"நெடுமாறா, பின்னாடி வா."

சிரித்த முகத்தோடுதான் கூப்பிட்டாள். ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். கொல்லையில் போர் மோட்டார் பக்கத்தில் வந்ததும் சிரிப்பைக் கழற்றிவிட்டாள்.

"என்னடா அது?"

"கார்டுக்கா. நீ கேட்டதுதான். நீ சொன்னது பழசு, இது போன மாசம்தான் வந்துச்சாம். தஞ்சாவூர்க் கடைக்காரரே சொன்னாரு."

"நான் கடைக்காரரையா கேட்டேன்? ஜபருல்லா கார்டு எங்கே?"

நெடுமாறன் வேட்டியைச் சரிசெய்தான். "போனேன்க்கா. பார்த்தேன். ஓரமெல்லாம் கீறலு. விசிறில தூசி. பெட்டி கிழிஞ்சு டேப் ஒட்டியிருக்கு. அதை எப்படிக்கா தட்டுல வைக்கிறது? நாலு பேரு பார்க்குற இடத்துல அக்காளுக்குப் பழைய சாமானைத் தூக்கிட்டு வந்தான்னு பேச மாட்டாங்களா? வேணாம்னுட்டு வந்துட்டேன்."

"வேணாம்னு சொல்ல நீ யாருடா? விளையாடப் போறது நீயா?"

"சத்தம் போடாதக்கா."

"நாலு மாசம். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. ஸ்கூல் விட்டு வந்து, சமைச்சுப் போட்டுட்டு, பேப்பர் திருத்திட்டு, அதுக்கப்புறம் உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் பார்த்தேன். அவ்வளவையும் பெட்டியில இருக்குற பொம்மையைப் பார்த்துத் தூக்கிப் போட்டுட்டு வந்திருக்க."

நெடுமாறன் தலையைக் குனிந்தான். முப்பத்து மூன்று வயசு, ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள், அக்கா முன்னால் மட்டும் இன்னும் பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்தவன்போல நிற்பான். அதைப் பார்த்தால் எப்போதும் அவளுக்கு இரக்கம் வரும். இன்றைக்கு வரவில்லை.

"நீ வச்சிருக்கியே நெல் அறுக்குற மெஷின், அது புதுசா?"

"இல்ல."

"எத்தனை மணி நேரம் ஓடுனது வாங்குன?"

"ரெண்டாயிரத்து நூறு மணி."

"புதுசு ஏன் வாங்கல?"

"அந்தக் காசுக்குப் புதுசுல சின்ன வண்டிதான்க்கா வரும். நம்ம ஊருச் சேத்துக்கு அது ஆகாது. அமுங்கிப் போயிடும்."

"அதைத்தானேடா நானும் சொன்னேன்."

"அது வயலுக்குக்கா," என்றான் நெடுமாறன். "இது தட்டுக்கு."

அம்சவல்லிக்கு அவனை ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று இருந்தது. நிதானித்துக்கொண்டாள். வகுப்பில் மரமண்டைகளுக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறாள், தம்பிக்குச் சொல்ல முடியாதா.

"உன் மெஷின்ல நெல்லு விழுற டேங்க் இருக்குல்ல. அது மூணுல ஒரு பங்குதான் இருக்குன்னு வச்சுக்க. இஞ்சின் புத்தம் புதுசு. கத்தி புதுசு. பெயின்ட் பளபளன்னு இருக்கு. என்ன ஆகும்?"

அவன் யோசிக்கக்கூட இல்லை. "பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா டேங்க் ரொம்பிடும். நிறுத்தி நிறுத்தி டிராக்டருல கொட்டணும். பாதி நேரம் கொட்டுறதுலயே போயிடும். எவன் கூப்பிடுவான்?"

"அந்த டேங்க்தான் இந்த எட்டு. நான் கேட்டது இருபத்து நாலு."

நெடுமாறன் முகம் விழுந்துவிட்டது. வயலில் வைத்துச் சொன்னதும் ஒரு நொடியில் அவனுக்குப் புரிந்துவிட்டது. "அய்யோ, இதை முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமேக்கா," என்றான். பிறகு அவசரமாக, "மாத்திக்கலாம். சீல் உடைக்காம இருந்தா ஏழு நாளைக்குள்ள திருப்பி எடுத்துக்குறேன்னாரு," என்றான்.

அம்சவல்லி அங்கேயே நின்று ஜபருல்லாவுக்குப் போன் போட்டாள். அவர் வருத்தத்தோடுதான் பேசினார். "தம்பி பார்த்துட்டு மூஞ்சியைச் சுளிச்சிட்டுப் போயிட்டாரும்மா. அட்வான்ஸைக்கூடத் திருப்பிக் கேட்கல. நாகப்பட்டினத்துலேர்ந்து ஒருத்தரு நாலு மணிக்கு வர்றாரு. நீங்க அதுக்கு முன்னாடி வர்றதா இருந்தா அவருக்கு இல்லைன்னு சொல்லிடறேன். ஆனா நேர்ல வரணும்மா. இன்னொருக்கா போன் பேச்சை நம்பி இருக்க முடியாது."

மணி பதினொன்றேமுக்கால். வலங்கைமான், நீடாமங்கலம் வழியாகப் போனால் ஒன்றரை, மிஞ்சினால் ஒன்றேமுக்கால் மணி நேரம்.

"தட்டு, தட்டுன்னு செத்தியே," என்றாள் தம்பியிடம். "யாரு என்ன சொல்லிடுவாங்கன்னு இவ்வளவு பயம் உனக்கு?"

நெடுமாறன் இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. "உன் கல்யாணத்துல கொண்டுவந்த பீரோ ஞாபகம் இருக்காக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அம்மா தஞ்சாவூரில் பழைய பீரோ ஒன்றை வாங்கி, பெயின்ட் அடித்துச் சீராகக் கொண்டுவந்தாள். மாமியார் அதைச் சபையில் திறந்து காட்டினாள். உள்ளே இருந்த இழுப்பறையில் யார் வீட்டுப் பிள்ளையோ ஒட்டிய பொம்மை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. "ஏற்கெனவே ஒரு குடும்பம் நடத்திட்டு வந்த பீரோவால்ல இருக்கு," என்று மாமியார் சொன்னதும் பந்தலே சிரித்தது. சிரிப்பு அடங்கும் நேரத்தில், "நடவாளு வீட்டுல வேற என்ன எதிர்பார்க்க முடியும்," என்றும் சொன்னாள்.

"எனக்கு இருபத்தொரு வயசு," என்றான் நெடுமாறன். "அம்மா பக்கத்துலதான் நின்னேன். இனிமே எங்க வீட்டுலேர்ந்து இவங்க வீட்டுக்குப் பழைய துரும்புகூடப் போகாதுன்னு அன்னைக்கு நினைச்சேன். உனக்காகத்தான்க்கா. அன்னைக்கு நீயும் அங்கதான் மாலையோட நின்ன. நீ ஒண்ணும் சொல்லலயே."

அவன் அதைக் குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். அதனால்தான் அது அம்சவல்லிக்குச் சுருக்கென்று தைத்தது. புதுப்பெண், வாய் திறக்கக் கூடாது, முதல் நாளே சண்டை வேண்டாம் என்று அன்றைக்கு நினைத்தாள். அப்புறம் முதல் வருஷம் என்று நினைத்தாள். அப்புறம் பழைய கதை என்று விட்டுவிட்டாள். அவள் விழுங்கியதையெல்லாம் இவன் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். தம்பிமேல் இருந்த கோபம் போகவில்லை, ஆனால் அதைவிடப் பெரிய கோபம் ஒன்று வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "அந்தக் கத்திரிக்கோலை எடுங்கடி. பெட்டியைப் பிரிச்சுக் காட்ட வேணாமா?"

அம்சவல்லி ஓடினாள். பட்டுப்புடவை காலைத் தடுக்கியது. கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

மாமியார் ஹால் நடுவில் நாற்காலி போட்டு, கறுப்புப் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். மாலையைக் கழற்றியாகிவிட்டது. நாலு பக்கமும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாகிவிட்டது. முகமெல்லாம் பூரிப்பு. "எங்க மருமக வீட்டுச் சீரு. என்னமோ கம்ப்யூட்டர்ல மாட்டுறதாம். மோட்டார் பைக் விலையாம்ல," என்று பக்கத்துப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கத்திரிக்கோல் முனை சீல் ஸ்டிக்கருக்கு அடியில் போயிருந்தது.

"அத்தை, பிரிக்காதீங்க."

"ஏன்டி? சீர்னா பிரிச்சுக் காட்டணும்ல. உள்ளே செங்கல் இருக்கா சாமான் இருக்கான்னு சபைக்குத் தெரிய வேணாமா?"

நல்லபடியாகச் சொல்லிச் சமாளிக்க ஆயிரம் வழி இருந்தது. கரண்ட் சாமான், ஈரக்கை படக்கூடாது என்று ஒரு பொய் போதும். அம்சவல்லி வாசல் பக்கம் பார்த்தாள். நெடுமாறன் வந்து நின்றிருந்தான். எந்தப் பொய் சொன்னாலும் அடுத்த விசேஷத்துக்கும் இவன் பெட்டியைப் பார்த்துத்தான் சாமான் வாங்குவான் என்று அவளுக்குத் தோன்றியது.

"இது எனக்கு வேண்டாம்," என்றாள். "திருப்பிக் கொடுக்கப் போறேன்."

ஹாலில் எல்லாரும் திரும்பினார்கள். சீரைத் திருப்புவதா. அதுவும் புது வீட்டில் வந்து இறங்கிய சீரை. மாமியாரின் கை கத்திரிக்கோலோடு அப்படியே நின்றது.

"நான் கேட்டது பழசு," என்றாள் அம்சவல்லி. "மூணு வருஷம் ஓடின கார்டு. நானே போய்ப் பார்த்து எடுத்தது. இதைவிட மூணு மடங்கு வேலைக்கு ஆகும். இவன் போய், அதைப் பார்த்துட்டு, வேணாம்னு வந்துட்டான். தட்டுல பழசு வச்சா நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு பயம். அந்தப் பீரோவுக்குச் சொன்ன மாதிரி."

"எந்தப் பீரோ?" என்றாள் மாமியார்.

அம்சவல்லி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். நடிப்பில்லை. மறைக்கிற பாவனையும் இல்லை. ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டால் எப்படி முழிப்பாளோ அப்படித்தான் முழித்தாள். பன்னிரண்டு வருஷம் ஒருத்தன் தூக்கிச் சுமந்தது, இவளுக்கு அன்று சாயங்காலம் காபி குடிக்கிற வரைக்கும்கூட ஞாபகத்தில் இருந்திருக்காது. தெரிந்து செய்த கெடுதலைக்கூடத் திட்டித் தீர்க்கலாம். செய்ததே ஞாபகமில்லாதவளை என்ன செய்வது? பகலவனைப் பார்த்தாள். அவனுக்கு ஞாபகம் இருந்தது. முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் அவன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனோடு பேச வேண்டியது தனியாக இருக்கிறது.

"எந்தப் பீரோடா?" என்று மாமியார் மறுபடி மகனைக் கேட்டாள்.

"பச்சை பீரோங்க சம்பந்தி."

சொன்னது அம்மா. வீரையன் பெண்சாதி என்றுதான் ஊரில் அவளுக்குப் பேர். சம்பந்தி வீட்டு வாசலில் நின்று வாங்க என்றால் வந்து, போங்க என்றால் போகிறவள். தட்டுகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவதை நிறுத்தவில்லை.

"மூணு வருஷம் நடவு நட்டு, களை பறிச்சு வாங்குனது. பெயின்ட் நான்தான் அடிச்சேன். உள் டிராயரைப் பார்க்காம விட்டது என் தப்பு. நீங்க தொறந்து எல்லாருக்கும் காட்டுனீங்க. உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது." கடைசி வெற்றிலையையும் வைத்துவிட்டு, முழங்காலில் கையூன்றி எழுந்தாள். "அன்னைக்கு நான் உங்க வீட்டுல கை நனைக்கலங்க. பஸ் ஸ்டாண்டுல பைப்புத் தண்ணியைக் குடிச்சிட்டுத்தான் ஊருக்குப் போனேன்."

இது அம்சவல்லிக்குத் தெரியாது. நெடுமாறனுக்கும் தெரியாது என்பது அவன் நின்ற நிலையில் தெரிந்தது. அம்சவல்லியின் கல்யாணச் சாப்பாட்டை ஊரே சாப்பிட்டது. அவளும் மாலையும் கழுத்துமாகப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ ஊட்டிவிட்ட லட்டைச் சிரித்துக்கொண்டே தின்றாள். அம்மா சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அம்சவல்லி குனிந்து, மாமியார் கையிலிருந்து கத்திரிக்கோலை வாங்கிக் கீழே வைத்தாள். மடியிலிருந்து பெட்டியை எடுத்தாள். சந்தனத்தை முந்தானையால் துடைத்தாள். சீல் முழுசாக இருந்தது.

"நெடுமாறா, இதை வேன்ல வச்சுட்டு உன் பைக்கை எடு. நாலு மணிக்குள்ள கூத்தாநல்லூர் போகணும்."

"இப்பவாக்கா? உன் வீட்டு விசேஷம். நீ இன்னும் சாப்பிடலயே."

"வந்து சாப்பிடுறேன். அந்தக் கார்டை வாங்கிட்டு வந்து, இதே தட்டுல, இதே ஹால்ல வைக்கிறோம். கீறலோட."

யாரும் தடுக்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது. கொல்லைப்பக்கம் போகப் பார்த்த தம்பியைத் தோளைப் பிடித்துத் திருப்பி, முன்வாசல் வழியாகவே நடத்திக் கூட்டிப்போனாள். பட்டுப்புடவையோடு பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

சாப்பாட்டுப் பந்தலைத் தாண்டித்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். முதல் பந்திக்கு இலை போட்டிருந்தார்கள். முதல் பந்தி எப்போதும் மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான். இன்னும் யாரையும் கூப்பிடவில்லை. அதற்குள் அம்மா தானாக வந்து, வரிசையின் முதல் இலையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள். பரிமாறுகிறவர் என்ன செய்வதென்று தெரியாமல் சாம்பார் வாளியோடு நின்றார்.

"ஊத்துங்க தம்பி," என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

நெடுமாறன் பிரேக்கில் கால் வைத்தான். அம்சவல்லி அவன் முதுகைத் தட்டிப் போகச் சொன்னாள். அம்மா இவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. சோற்றை நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.